பிடி கிடைத்தால் புண் ஆறும்

(கொடைக்கானல் மலையில் உள்ள போளூரில் ஊர் மக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கையில் தழும்பு இல்லாதவர் இந்த ஊரில் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். களை கொத்தும்போதோ, பூண்டுத் தாளை அரியும்போதோ, விறகு பிளக்கும்போதோ பட்ட காயம் ஒன்றாவது இருக்கும். அது ஆறிவிட்டது. எப்படி ஆறியது என்று கேட்டால், மருந்து போட்டேன், கட்டுப் போட்டேன், ஆறிப்போச்சு என்பீர்கள். நான் அறுவை மருத்துவன். காயம் தைப்பது என் அன்றாட வேலை. தையல் செய்வதெல்லாம் காயத்தின் இரண்டு விளிம்பையும் சேர்த்து வைப்பதுதான். மருந்து கிருமியை அடக்கி வைக்கிறது. பிளந்த சதையை மறுபடி ஒன்றாக்குகிற வேலையைச் செய்பவை உங்கள் உடம்பின் செல்கள். அந்தச் செல்களுக்கு ஏறி நிற்கவும் பற்றி இழுக்கவும் ஒரு பிடி வேண்டும். பிடி கிடைத்தால் புண் ஆறும். கிடைக்காவிட்டால் எத்தனை மருந்து போட்டாலும் மாதக்கணக்கில் ஆறாது. இன்று அந்தப் பிடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதன் பெயர் கொலாஜன். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். தோலுக்கு உறுதி தருவது, தசையை எலும்போடு கட்டுவது, எலும்புக்குள் சுண்ணாம்புச் சத்தைத் தாங்கி நிற்பது எல்லாம் இதன் வேலை. நீங்கள் இதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறீர்கள். ஆட்டுக்கால் சூப்பு வைத்து மிச்சத்தை இரவு மூடி வைத்தால், இந்த ஊர்க் குளிருக்குக் காலையில் கட்டியாகி ஆடும் அல்லவா? தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன் வெந்து ஜெலட்டினாகி இறங்கியதுதான் அது. இந்த வேகும் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் மாணவர். அந்த நாளில் சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்குச் சரியான வடிவம் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னார். கிண்டியில் பல்கலைக்கழக வளாகம். அதற்குப் பக்கத்திலேயே, 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! கங்காருவின் வால் தசைநாணில் கொலாஜன் இழைகள் மிக ஒழுங்காக அடுக்கியிருக்கும் என்று தெரிந்துகொண்டு, அதை வரவழைத்து எக்ஸ்-கதிர் படம் எடுத்தார் இராமச்சந்திரன். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. 1954 ஆகஸ்டில் அவர்களுடைய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த ஆண்டே அதைச் செம்மைப்படுத்தி இன்னொரு கட்டுரை எழுதினார்கள்.

அவர்கள் கண்டது ஒரு முப்புரிக் கயிறு. மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன. கயிறு திரித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். புரியை ஒரு பக்கம் முறுக்கி, கயிற்றை எதிர்ப்பக்கம் முறுக்கினால்தானே பிரியாமல் நிற்கும்? ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரத்தை ஒட்டிய அமினோ அமிலங்கள். அதில் மூன்றுக்கு ஒன்று தவறாமல் கிளைசின். மூன்று சங்கிலியும் நெருங்கும் நடுமையத்தில் இடமே இல்லை. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும். மூன்றில் ஒன்று கிளைசின் என்ற அந்தக் கணக்கே இராமச்சந்திரனை மூன்று சங்கிலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கயிற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கியடிக்கின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் 1955-இல் குறை சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம் தாங்கும் என்று இராமச்சந்திரன் எல்லாப் புரதத்துக்குமாகக் கணக்குப் போட உட்கார்ந்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்று உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்களின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகளே, அந்தப் பெயரை மறக்காதீர்கள்.

கயிறு கிடைத்துவிட்டது. செல் அதை எங்கே பிடிக்கிறது?

கயிற்றின் எந்த இடத்தை வேண்டுமானாலும் செல் பிடித்துவிடாது. செல்லின் உறையைத் துளைத்துக்கொண்டு இன்டெக்ரின் என்ற புரதம் நிற்கிறது. அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுமுனை உள்ளே, செல்லுக்கு உருவம் தருகிற இழைகளோடு சேர்ந்திருக்கிறது. வெளிமுனை கொலாஜன் நெடுகத் தேடி, சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் பற்றும். அப்படிப்பட்ட இடங்களில் தலையானது ஆறே ஆறு அமினோ அமிலம் கொண்டது: கிளைசின், ஃபீனைல் அலனின், ஹைட்ராக்சி புரோலின், கிளைசின், குளுட்டமேட், அர்ஜினின். இந்த வரிசையில் ஒன்று மாறினாலும் பிடி தளர்ந்துவிடும். பற்றுகிற நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை 2000-ஆம் ஆண்டில் அணு அணுவாகப் படம் எடுத்தார்கள். இன்டெக்ரினில் ஓர் உலோக அயனி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்குள் அது பெரும்பாலும் மக்னீசியம். கொலாஜனில் உள்ள குளுட்டமேட் நேராக அந்த உலோகத்தைப் போய்த் தொடுகிறது. செல்லுக்கும் கொலாஜனுக்கும் நடுவே பாலம் அந்த ஓர் அயனி. நம் உடம்பு சிதறாமல் நிற்பது இவ்வளவு சிறிய ஒன்றை நம்பி என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆறு அமினோ அமிலமும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, முறுக்கும் குலையாமல் இருக்க வேண்டும். முறுக்கு அவிழ்ந்தால் அந்த இடம் இன்டெக்ரினுக்கு அடையாளமே தெரியாது. சூப்பில் நடப்பது அதுதான். வெந்ததும் மூன்று புரியும் பிரிந்துவிடுகின்றன. பழைய பிடி போய், அதுவரை முறுக்குக்குள் மறைந்திருந்த வேறொரு பிடி வெளியே தெரிகிறது. அதை வேறு வகை இன்டெக்ரின்தான் பற்றும். ஆகவே எந்தச் செல் எதைத் தொட்டது என்பதை வைத்தே அங்கே தோல் முழுதாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, சிதைந்திருக்கிறதா என்பது உடம்புக்குத் தெரிகிறது.

இப்போது ஒரு காயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அரிவாள் விரலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய அந்த நொடியில் இரத்தக்குழாய் பிளந்து, அதன் சுவருக்கு அடியில் இருந்த கொலாஜன் வெளியே வருகிறது. அதுவரை இரத்தத்துக்கு அதைத் தெரியாது. தட்டணுக்கள் அதைக் கண்டதும் போய்ப் பற்றி, உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கின்றன. இரத்தம் நிற்கிறது. காயம் ஆறும் கதையில் முதல் அடியே கொலாஜனைப் பற்றுவதுதான்.

அடுத்து மேல்தோல் செல்கள். சாதாரணமாக இவை ஒரு மெல்லிய தளத்தின் மேல் அமைதியாக இருக்கின்றன, கீழே உள்ள கொலாஜனைத் தொடுவதே இல்லை. தளம் கிழிந்ததும் முதல் முறையாகத் தொடுகின்றன. அந்தத் தொடுகையே அவற்றுக்குக் கட்டளை. உடனே கொலாஜனை வெட்டும் நொதி ஒன்றைச் சுரக்கின்றன. பிடித்த பிடி விடவே விடாது என்றால் நகர முடியாதே! பிடிப்பதும் பின்பக்கம் வெட்டி விடுவிப்பதுமாக விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. இரண்டு பக்கத்துச் செல்களும் சந்தித்துத் தளம் மறுபடி உருவானதும் நொதி நின்றுவிடுகிறது.

சில நாளில் அடியில் நார்ச்செல்கள் வந்து சேரும். புண்ணில் செஞ்சதை கட்டுகிறது என்கிறோமே, அது இவையும் புது இரத்தக்குழாய்களும் சேர்ந்து செய்வது. முதலில் அவசரத்துக்கு மெல்லிய வகைக் கொலாஜனை நூற்று நிரப்புகின்றன. பிறகு பல மாதம் அதைக் கழற்றிக் கழற்றி உறுதியான வகையை வைக்கின்றன. ஒரு பகுதி நார்ச்செல்கள் கொலாஜனைப் பற்றி இழுத்துக் காயத்தைச் சுருக்குகின்றன. மேலே மூடிவிட்டது என்று நாம் நினைக்கும் மூன்றாவது வாரத்தில், உள்ளே வலு பழைய தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதம் ஆனாலும் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், முழு வலு எப்போதுமே திரும்பாது. வயிற்றில் அறுவை செய்துகொண்ட தாய்மார்கள் ஒரு மாதத்துக்குள் பூண்டு மூட்டை தூக்கினால் நான் ஏன் சத்தம் போடுகிறேன் என்று இப்போது தெரிகிறதா?

இந்த நூற்பு வேலைக்கு ஒரு சத்து கட்டாயம் வேண்டும், வைட்டமின் சி. பிடிக்கும் ஆறில் ஹைட்ராக்சி புரோலின் என்று ஒன்று சொன்னேன். அது சும்மா வராது. சாதாரண புரோலினை நொதி ஒன்று மாற்ற வேண்டும், அந்த நொதி ஓட வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் முப்புரி உடம்புச் சூட்டுக்கே பிரிந்துபோகும். 1939-இல் பாஸ்டன் நகரத்து இளம் அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் தன் உடம்பிலேயே இதைச் சோதித்தார். காய்கறி, பழம், பால் எதுவும் இல்லாமல் சாப்பிட்டார். மூன்றாம் மாதம் முதுகில் ஒரு காயம் செய்யச் சொன்னார், ஆறியது. ஆறாம் மாதம் இன்னொன்று. மேல்தோல் மூடியது, உள்ளே இணையவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட்ட பிறகு அந்தக் காயமும் ஆறியது. நமக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் கிடைக்கிறது. இங்கே விளைகிற முட்டைக்கோஸிலும் உருளைக்கிழங்கிலும்கூட இருக்கிறது, அதிக நேரம் வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் இருந்தால். காயம்பட்டவருக்குப் பத்தியம் என்று பழத்தையும் காயையும் நிறுத்துகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொலாஜன் பொடி என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைச் சாப்பிட்டால் நேராகப் புண்ணுக்குப் போய் ஒட்டாது. வயிற்றில் துண்டு துண்டாகச் செரித்துத்தான் போகும். முட்டையும் பருப்பும் போதும்.

இன்னொரு வழக்கம், புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைப்பது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயம் காய விட்டதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக மூடுவதைக் காட்டினார். காரணம் நமக்கு இப்போது தெரியும். பொருக்குத் தட்டிக் காய்ந்த இடத்தில் செல் ஊர முடியாது. அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, வழியெல்லாம் வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஆகவே ஓடும் சுத்தத் தண்ணீரில் கழுவி, மூடி வையுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். முக்கியமாக இந்த மலையில் சொல்ல வேண்டியது: பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டாதீர்கள். நம் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அதே காரம் தோலை வேக வைத்துவிடும். பூண்டு வைத்துக் கட்டியதால் கொப்புளம் கண்ட தீப்புண்கள் மருத்துவ இதழ்களில் பல முறை பதிவாகியிருக்கின்றன.  சாணமும் மண்ணும் பட்ட காயம் என்றால் டெட்டனஸ் (டிடி) ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

இனி, உடம்புக்கு வெளியே கொலாஜன் செய்து கொடுக்கும் கதை. இந்த மலைக்கு அதில் எதிர்பாராத ஒரு பங்கு உண்டு. சுற்றிலும் வாட்டில் மரங்கள் நிற்கின்றனவே, அவற்றை ஏன் நட்டார்கள்? பட்டைக்காக. பட்டையில் உள்ள துவர்ப்பொருள் தோல் பதனிட உதவும். கீழே திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் பட்டையாலும் குரோமிய உப்பாலும் செய்வது ஒன்றுதான். கொலாஜன் கயிறுகளுக்கு இடையே குறுக்குக் கட்டுப் போட்டு, கிருமி அரிக்காமல், வெந்நீரிலும் கரையாமல் ஆக்குவது. அறுவை அறையிலும் இதையே செய்தோம். மன்னவனூர் பண்ணையில் பார்க்கிறீர்களே, அந்தச் செம்மறியாட்டின் குடலில் எடுத்த கொலாஜன்தான் கேட்கட் என்ற பழைய தையல் நூல். சும்மா விட்டால் உடம்பு சீக்கிரம் கரைத்துவிடும். குரோமியத்தில் நனைத்தால் இன்னும் சில நாள் நிற்கும். பிரசவத்தில் தையல் போட்ட எத்தனையோ தாய்மார்களுக்கு அந்த நூலைத்தான் போட்டிருப்பார்கள்.

தீக்காயத்தில் பெரும்பரப்பு தோலே போய்விட்டால் நூல் எதற்கு ஆகும்? செல்கள் ஏறுவதற்குப் பரப்பே இல்லை. 1981-இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் விஞ்ஞானி அயோனிஸ் யானஸும் மாட்டுத் தோலின் கொலாஜனோடு சுறாக் குருத்தெலும்பின் சாரத்தைச் சேர்த்துப் பஞ்சாக்கி, மேலே சிலிக்கோன் படலம் ஒட்டி, வெந்த தோலை நீக்கிய இடத்தில் வைத்தார்கள். நோயாளியின் செல்கள் அதற்குள் ஏறி, அதைப் பிரித்துத் தின்றுகொண்டே சொந்தக் கொலாஜனை நூற்றன. பஞ்சின் துளைகள் 20 முதல் 120 மைக்ரான் வரை இருந்தால்தான் வேலை நன்றாக நடக்கிறது. துளை மிகச் சிறிதானால் செல் நுழையாது. மிகப் பெரிதானால் மொத்தப் பரப்பும் குறைந்து, பிடிக்கிற இடமும் குறைந்துவிடும். கொலாஜன் கரைசலை உறைய வைத்து, பனிக்கட்டியை வெற்றிடத்தில் ஆவியாக்கித்தான் துளை உண்டாக்குகிறார்கள். எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறோம் என்பது துளையின் அளவைத் தீர்மானிக்கும். சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் தோலையே அறிந்தவர்கள் இருந்ததால் இந்தத் துறை வளர்ந்தது. தீக்காயத்தின் மேல் ஒட்டும் கொலாஜன் தாள்கள் அங்கே உருவாயின.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல். பஞ்சு உடம்புக்குள் சில வாரம் நிற்க வேண்டுமென்றால் குறுக்குக் கட்டு வேண்டும். வழக்கமாகப் பயன்படும் ஒரு வேதிப்பொருள் அந்தக் கட்டை எந்த இடத்தில் போடுகிறது? குளுட்டமேட்டில். செல்லின் உலோக அயனி போய்த் தொட வேண்டிய அதே குளுட்டமேட்! பஞ்சு உறுதியாகிறது, ஆனால் செல் பிடிக்க வரும்போது பிடி இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதை அளந்து காட்டினார்கள். கட்டு கூடக் கூட இன்டெக்ரின் பற்றுவது குறைகிறது. அந்த வேதிப்பொருளின் அளவை வெகுவாகக் குறைத்தால் பிடியும் மிஞ்சும், உறுதியும் ஓரளவு கிடைக்கும். செருப்புத் தோலுக்கு இந்தக் கவலை கிடையாது, அது உயிருள்ள எதனோடும் சேர வேண்டியதில்லை. திசுப் பொறியியல் என்று பெரிய பெயரில் சொல்வதில் பாதி உழைப்பு இந்த ஒரு இழுபறியைச் சமாளிப்பதில்தான் போகிறது. என் கருத்தில், நிற்கும் உறுதியை முதலில் பார்த்துவிட்டுப் பிடியைப் பிறகு பார்க்கலாம் என்று செய்த பொருள்களே அதிகம் தோற்றன. இப்படி வளர்த்த தோலில் வியர்வைச் சுரப்பியும் முடியும் இன்னும் சரியாக வருவதில்லை. வேலை மீதம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது அதைச் செய்யலாம்.

குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்காரும் ஊர் இது. தீப்பட்டால் முதலில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பேஸ்ட், மை, முட்டை வேண்டாம். கழுத்திலோ முழங்கையிலோ பட்டு ஆறினால், முன்பே சொன்ன நார்ச்செல்கள் இழுத்து இழுத்து மூட்டையே மடக்கிவிடும். மருத்துவர் கொடுக்கும் கட்டையை வைத்து நீட்டிக் கட்டுவதும் பயிற்சியும் மாதக்கணக்கில் வேண்டும். காயம் மூடிவிட்டதே என்று நிறுத்திவிட்டு, ஒட்டிய கழுத்தோடு வந்த பிள்ளைகளைப் பார்த்து நான் மனம் உடைந்திருக்கிறேன்.

கடைசியாகச் சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறி நின்றால், அதன் விளைபொருள்கள் கொலாஜனில் போய் ஒட்டுகின்றன. மிகவும் பிடித்து ஒட்டும் இடம் அர்ஜினின், அந்த ஆறில் கடைசியாக நான் சொன்னது. கொலாஜன் விறைக்கிறது, செல்லுக்குப் பிடி குறைகிறது. நரம்பு மரத்துப்போவதால் காலில் முள் குத்தியதும் தெரியாது, இரத்த ஓட்டமும் குறைவு, வெட்டும் நொதி மட்டும் நிற்காமல் சுரந்துகொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்துதான் அந்தப் புண் ஆற மறுக்கிறது. களிம்பை மாற்றி மாற்றிப் போட்டுக் கால் போன பிறகு வருவதைவிட, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுத் தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது மேல். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போக வேண்டாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் யாருக்காவது இருந்தால் வெட்கப்பட வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு பின்னறையில் இருக்கிறேன். கட்டைப் பிரிக்காமல் அப்படியே வாருங்கள், நானே பிரித்துப் பார்க்கிறேன்.